எந்திரத்துக்கு ஒரு ஆடு

சாரி-குங்கெய் மாவட்ட அச்சகத்துக்கு எந்த எந்திரம் வந்தாலும், எந்திரத்துக்கு முன்னால் ஒரு ஆடு வந்துவிடும். எந்திரம் லெனின்கிராடிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வர வேண்டும். அது வருஷக்கணக்கில் வரும். ஆடு எதிர் மலைச்சரிவிலிருந்து வர வேண்டும்; அதற்குத் தாமதம் என்றால் என்னவென்று தெரியாது. புது வீடானாலும் புது வண்டியானாலும் ரத்தம் காட்டாமல் தொடங்கக்கூடாது என்பது அந்த மலைப்பக்கத்து வழக்கம். கட்சிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆகவே வாசலில் சிவப்பு நாடாவை வெட்டினார்கள், காகிதக் கிடங்குக்குப் பின்னால் ஆட்டை வெட்டினார்கள். முன்னால் நடப்பதுதான் நடப்பது, பின்னால் நடப்பது நடக்கவே இல்லை என்று எல்லோருக்கும் ஓர் உடன்பாடு இருந்தது. நாடாவை வெட்டிய கட்சிச் செயலாளரே, கறி வெந்துவிட்டதா என்று மூக்கால் விசாரிப்பார்.

ஜூராகான் அந்த அச்சகத்துக்குள் முதல் தடவை கால் வைத்தபோது, ஈயத்தை உருக்கி வரிவரியாக வார்க்கும் எந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்தது. மேலே உச்-கெமெர் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் அவளுக்கு வேலை. ஊசி போடுகிறவளும் அவள்தான், கட்டுக் கட்டுகிறவளும் அவள்தான், டாக்டர் வராத நாளில் டாக்டரும் அவள்தான். டாக்டர் வந்த நாள் என்று ஒன்று இதுவரை கிடையாது. அந்த வசந்தத்தில்தான் அவள் கணவன் அசனாலி செத்துப்போயிருந்தான். ஆடு மேய்க்கிறவன். ஈரலில் நீர்க்கட்டி. நகரத்து ஆஸ்பத்திரியில் அறுக்கும்போது கட்டி உள்ளேயே உடைந்துவிட்டது.

அவள் அழவில்லை. அழுகை வழியில் எங்கேயோ நின்றுவிட்டது, பிறகு வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. உடம்பு முழுக்க மரத்துப்போன மாதிரி இருந்தது. யாராவது பேசினால் காதில் விழுந்தது, அவ்வளவுதான். உறவுக்காரப் பெண்கள் அவள் காதுபடவே 'கல்நெஞ்சுக்காரி' என்றார்கள். அதுவும் காதில் விழுந்தது.

நோய் எப்படி வருகிறது என்பது அவள் படித்ததுதான். ஆட்டின் ஈரலிலோ நுரையீரலிலோ வெள்ளைக் கொப்புளம் இருக்கும். அதை நாய் தின்றால் நாயின் வயிற்றில் புழு வைக்கும். புழுவின் முட்டை நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும். நாயைத் தடவிய கையால் ரொட்டியைப் பிட்டுத் தின்றால், மனிதனின் ஈரலில் கட்டி. இதை அவள் அசனாலியிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவன் கொப்புளம் வைத்த நுரையீரலை நாய்க்கு வீசிவிட்டு, "எங்க அச்சுல போட்டிருக்கு?" என்று கேட்டுச் சிரிப்பான்.

அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உச்-கெமெரில் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். வாயால் சொன்னால் அது பொம்பளைப் பேச்சு. ரேடியோவில் சொன்னால் பாதி நிஜம். அச்சில் வந்து சுவரில் ஒட்டினால்தான் முழு நிஜம். ஜூராகான் ஒரு தாளில் கையால் எழுதிக் கடை வாசலில் ஒட்டிப் பார்த்தாள். கிராம சோவியத் என்ற ஊர் நிர்வாகத்தின் தலைவர் அன்றைக்கே அதைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

"அனுமதி எண் எங்க, தங்கச்சி? கையால எழுதினா அது வதந்தி. அச்சடிச்சுக் கொண்டா, நானே பசை காய்ச்சி ஒட்டுறேன்."

அச்சடிக்க வேண்டியது மூன்றே வாக்கியம். 'கொப்புளம் உள்ள ஈரலையும் நுரையீரலையும் நாய்க்குப் போடாதீர்கள். குழி தோண்டிப் புதையுங்கள். நாயைத் தொட்டால் கையைக் கழுவுங்கள்.' குளிர்காலத்துக்கு வீட்டுக்கு வீடு ஆடு அறுக்கும் பருவத்துக்கு முன்னால் இந்தத் தாள் மலையில் இருக்கும் கிராமங்களுக்கெல்லாம் போய்விட வேண்டும். உலகத்தில் அவளுக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

அச்சக இயக்குநர் ஷர்ஷெனாலி அப்போது இளைஞர். கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, பின்னால் கையைக் கோத்துக்கொண்டு நடப்பார். மூன்று வாக்கியத்தையும் இரண்டு தடவை படித்தார்.

"அருமை. மக்களுக்கு வேண்டிய விஷயம். ஆனா இதைப் போய்க் கையால எழுத்துக் கோத்து அடிக்கச் சொல்றீங்களே, நியாயமா? நாளைக்கு நம்மகிட்ட எந்திரம் வருது, தங்கச்சி. பொத்தானைத் தட்டினா, கொதிக்கிற ஈயத்துல முழு வரியா வந்து விழும். இவ்வளவு முக்கியமான சமாசாரத்த, செத்துப்போன தொழில்நுட்பத்துல போட்டா, செத்துப்போன உங்க வீட்டுக்காரருக்கே அது மரியாதை இல்ல."

"அங்க பெரிய எழுத்து அடுக்கி வெச்சிருக்கே, அண்ணே. ஒரு மத்தியான வேலைன்னு அச்சுக்கோக்கிறவங்களே சொன்னாங்க."

"அவங்க நேத்து மனுஷங்க. நாம நாளைக்கு மனுஷங்க."

நாளை என்பது அடுத்த வருஷக் கோடையில் வந்தது. வாத்தியம் வாசித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். புது எந்திரத்தில் முதலில் அடிப்பது அந்த எந்திரத்தைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்று விதி. அதன்படி முதலில் இயக்குநரின் உரையை அடித்தார்கள். பிறகு, உரை அடிக்கப்பட்டது என்ற செய்தியை அடித்தார்கள். எல்லாம் முடிந்து ஜூராகான் தன் தாளை நீட்டினாள்.

"இதுக்குப் பெரிய எழுத்து வேணுமே," என்றார் ஷர்ஷெனாலி. "எந்திரம் சின்ன எழுத்துதான் வார்க்கும். சுவரொட்டிக்கு ஆகாது."

"பெரிய எழுத்து பழைய அலமாரியில இருந்துச்சே?"

"உருக்கிட்டோம்." அவர் முகத்தில் பெருமை தாங்கவில்லை. "எந்திரத்துக் கொப்பரைக்கு ஈயம் பத்தல. ஒரு பெரிய எழுத்து விடாம, எல்லாத்தையும் உருக்கி என் உரையை வார்த்தோம். உரையிலயே அது வருது பாருங்க: 'பழசை உருக்கிப் புதுசை வார்ப்போம்'னு. வெறும் பேச்சுன்னா நினைச்சீங்க?"

அவள் கொல்லைப்பக்கம் போனாள். அங்கே காவல்காரன் ஏசென்குல், அப்போது மீசை அரும்பாத பையன்தான், ஆட்டை உரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அச்சகத்து நாய். அச்சகத்தில் சின்ன எழுத்துக்கு என்ன பெயரோ அதையே நாய்க்கும் வைத்திருந்தார்கள்: பெத்தித். ஏசென்குல் நல்ல ஈரலை விருந்துக்கென்று தட்டில் வைத்தான். வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம் பூத்திருந்த நுரையீரலைப் பெத்தித்துக்கு வீசினான்.

"தம்பி, அதைப் போடாதே. அதுலதான் வியாதி."

"அக்கா, இது திறப்பு விழா ஆடு. கட்சி ஆபீஸ்லேருந்து சொல்லி அனுப்பின ஆடு. அதுக்கு எப்படி வியாதி வரும்?"

"கொப்புளம் கண்ணுக்கே தெரியுதே."

"பின்ன நாய் என்ன, பூவையா தின்னும்?" ஏசென்குல் கையை நீட்ட, பெத்தித் அதை நக்கிச் சுத்தம் செய்தது. "எங்கயாவது போட்டிருக்கா, சொல்லுங்க. நிறுத்திடறேன்."

ஜூராகான் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு மலையேறும் வண்டியைப் பிடித்தாள். பெத்தித்தை அவள் தொடக்கூட இல்லை. பழக்கம்.

அதற்கப்புறம் நகல் எடுக்கும் எந்திரம் வந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரும்புக் கதவு போட்ட அறையில் வைத்து, பூட்டி, அரக்கு முத்திரை இட்டார்கள். கண்டதை நகல் எடுத்துப் பரப்பினால் நாட்டுக்கு ஆபத்து. நகல் எடுக்கும் எந்திரம் இல்லாவிட்டால் மாவட்டத்துக்கு அவமானம். இரண்டுக்கும் நடுவில் அந்த எந்திரம் கடைசிவரை கன்னி கழியாமல் இருந்தது. அதற்கும் ஓர் ஆடு வெட்டினார்கள். பெத்தித் செத்து, அதன் குட்டி வளர்ந்திருந்தது. அதற்கும் பெத்தித் என்றே பெயர்.

ஈயமே வேண்டாத ஆஃப்செட் எந்திரம் வந்த வருஷம் ஷர்ஷெனாலிக்கு லேசாகத் தொந்தி விழுந்திருந்தது. அன்றைய உரை ஆரோக்கியத்தைப் பற்றியது. "ஈயம் ஒரு விஷம், தோழர்களே! ஈயப் புகை தொழிலாளியின் ஈரலை அரிக்கிறது. தொழிலாளியின் ஈரலை விட எங்களுக்குப் பெரிது எதுவும் இல்லை. இன்றிலிருந்து இந்தக் கட்டிடத்தில் ஓர் ஈரலும் கெடாது!" என்று முழங்கினார். கை தட்டினார்கள். அவர் மட்டும் ஒரு கையால் வலது விலாவுக்குக் கீழே அழுத்திக்கொண்டிருந்ததை ஜூராகான் பார்த்தாள். கொல்லைப்புறத்தில் ஏசென்குல் கத்தி தீட்டும் சத்தம் உரைக்கு நடுநடுவே கேட்டது.

"அங்க வலிக்குதா, அண்ணே?" என்று அவள் பிறகு கேட்டாள்.

"வேலைப் பளு. விழா முடியட்டும், பார்த்துக்கலாம். உங்க தாள் என்னாச்சு? கொண்டு வாங்க, கொண்டு வாங்க. ஆனா பழைய எந்திரத்துக்குக் கொடுத்த வேலை புது எந்திரத்துக்குச் செல்லாது. புதுசா மனு போடணும். அப்புறம் ஒரு விஷயம்: இது படம் அடிக்கிற எந்திரம். நாலு வண்ணம். வெறும் எழுத்தை இதுல போட்டா அது எந்திரத்துக்கு அவமானம். படத்தோட வாங்க."

படத்துக்காகக் கலைக் குழு கூடியது. ஓவியர் ஒருவர் ஜூராகான் சொன்னபடியே வரைந்திருந்தார்: அறுத்த ஆடு, கொப்புளம் வைத்த ஈரல், அதை ஒரு மேய்ப்பன் குழியில் போட்டு மூடுகிறான், நாய் ஏமாந்து பார்க்கிறது. குழுவில் கருத்துப் பொறுப்பாளர் என்று கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இருந்தாள்.

"இந்த ஆடு ஏன் சீக்கு ஆடு மாதிரி இருக்கு?"

"சீக்கு ஆடுதாங்க அது," என்றாள் ஜூராகான்.

"நம்ம கூட்டுப் பண்ணையில சீக்கு ஆடு இருக்குன்னு யார் சொன்னது? அஞ்சாண்டுத் திட்டத்துல அப்படி ஒரு ஆடு கிடையாதே."

ஓவியர் அழிப்பானை எடுத்துக் கொப்புளங்களை அழித்தார். ஈரல் சிவப்பாக மின்னியது.

"இப்ப பாருங்க, நல்ல ஈரலைக் குழியில போடறான். உணவை வீணாக்கறான். குழியை எடுத்துடுங்க. அந்த நாயும் பட்டினி கிடக்கிற மாதிரி இருக்கு. நம்ம நாட்டு நாயா அது?"

குழி போயிற்று. நாய் சிரித்தது. நாய் சிரித்ததால் மேய்ப்பனும் சிரிக்க வேண்டியதாயிற்று. ஈரலை வைத்துக்கொண்டு அவன் கை அந்தரத்தில் நின்றதால், அதை நாய்ப்பக்கம் கொஞ்சம் தாழ்த்தினார்கள். படத்துக்கு ஒரு சமநிலை வந்தது.

"வாசகத்துக்கு வருவோம். 'போடாதீர்கள்' என்னத்துக்கு? நாம மக்களைத் தடுக்கிறவங்களா, வளர்க்கிறவங்களா?"

"சரிம்மா. 'கையைக் கழுவுங்கள்'னாவது இருக்கட்டும்," என்றாள் ஜூராகான்.

"கழுவுங்கன்னா, இப்ப கழுவலைன்னு அர்த்தம் ஆகுது. அப்புறம், குழாய் எங்க, தண்ணி எங்கன்னு கேப்பான். அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்றது? நீங்களா, நானா?"

உச்-கெமெரில் குழாய் கிடையாது.

சுவரொட்டி நாலு வண்ணத்தில், ஆயிரக்கணக்கில் அச்சாகி வந்தது. மை வாசனை போகாத புதுத் தாள். சிரிக்கும் மேய்ப்பன் சிரிக்கும் நாய்க்குச் சிவந்த ஈரல் ஒன்றை ஊட்டுகிறான். மேலே பெரிய எழுத்தில்: 'நாய்: மேய்ப்பனின் உற்ற தோழன்.' கீழே சின்ன எழுத்தில்: 'கருத்து: தோழர் ஜூராகான், உச்-கெமெர் சுகாதார நிலையம்.' அந்தப் படத்துக்குத் தலைநகரில் ஒரு பரிசும் கிடைத்தது. மாவட்டம் முழுக்க ஒட்டச் சொல்லி உத்தரவு வந்தது. சுகாதார நிலையச் சுவரில், உயரம் அளந்து, அவளே ஒட்ட வேண்டியிருந்தது. கிராம சோவியத் தலைவர் வாக்குத் தவறாமல் பசை காய்ச்சிக் கொடுத்தார்.

அந்த வருஷம் ஆடு அறுக்கும் பருவத்தில் எதிர்வீட்டுக் கிழவர், கொப்புளம் வைத்த ஈரலைத் தன் நாய்க்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஜூராகான் வேலிக்கு வெளியே நின்று, "தாத்தா, அதைப் போடாதீங்க," என்றாள்.

"என்னம்மா நீ! அச்சுல போட்டிருக்கே! நீதானே போட்டே, கீழ உம்பேர் இருக்கே!"

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. அடுத்த சில வருஷத்தில் உச்-கெமெரிலிருந்து இரண்டு பிள்ளைகளை நகரத்துக்கு அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பினாள். ஒரு பிள்ளை திரும்பி வந்தது. திரும்பி வராத பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து வந்து, சுவரில் இருந்த சுவரொட்டியைக் கிழித்தாள். அனுமதி எண் உள்ள அச்சுப் பொருளைச் சேதப்படுத்தியதற்காக அவளுக்குக் கண்டனம் வந்தது. அந்தக் கண்டனம் மட்டும் ஒரு பிழை இல்லாமல் அழகாக அச்சாகியிருந்தது.

பிறகு நாடே மாறியது. கொடி மாறியது, பணம் மாறியது, தெருப் பெயர்கள் மாறின. ஷர்ஷெனாலி மாறவில்லை. நாடு மாறும்போது அச்சகத்துக்கு அனுபவசாலி தேவை என்று அவரே எழுதி, அவரே அடித்து, அவரே ஒட்டினார். ஆடும் மாறவில்லை, ஆனால் அதற்கு நல்ல காலம் பிறந்தது: கொல்லைப்புறத்திலிருந்து வாசலுக்கு வந்தது. இப்போது முன்னாலேயே வெட்டினார்கள், மரபு என்றார்கள். அனுமதி எண் கொடுக்கிற அலுவலகத்தை மூடிவிட்டார்கள். அனுமதி எண் வேண்டும் என்ற விதியை மூட யாருக்கும் தோன்றவில்லை.

கம்ப்யூட்டர் வந்தபோது அதன்மேல் வெல்வெட் துணி போர்த்தி, துணியின்மேல் இயக்குநர் மனைவி பின்னிய பூவிரிப்பைப் போட்டு, பூவிரிப்பின்மேல் பூச்சாடி வைத்தார்கள். தேய்ந்துவிடும் என்று யாரையும் தொட விடவில்லை. "இது எதையும் மறக்காது," என்றார் ஷர்ஷெனாலி உரையில். ஜூராகானின் மூன்று வாக்கியத்தை அதில் ஏற்றினார்கள். மின்சாரம் போயிற்று. மறுபடி ஏற்றினார்கள். மறுபடி போயிற்று. அந்த வருஷங்களில் மலைப்பக்கம் மின்சாரம் விருந்தாளி மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தது. மின்சாரம் இருந்த நாளில் காகிதம் இல்லை. காகிதமும் மின்சாரமும் சேர்ந்திருந்த ஒரு நாளில், ஷர்ஷெனாலிக்குப் பேரன் பிறந்து, அந்த விருந்துக்கு அழைப்பிதழ் அடிக்க வேண்டியிருந்தது.

வெளிநாட்டிலிருந்து உதவித் திட்டக்காரர்களும் வந்தார்கள். 'அச்சுத் தொழில்நுட்பமும் கிராமப் பெண்களும்' என்று கருத்தரங்கு வைத்தார்கள். ஜூராகான் கிராமப் பெண்ணாக அமர்த்தப்பட்டாள். கடைசியில் அவள் எழுந்து, "எல்லாம் சரிங்க. எனக்கு ஒரு தாள் அடிச்சுத் தரணும்," என்றாள். எல்லோரும் கண் கலங்கக் கை தட்டினார்கள். பிறகு ஒரு தாள் அடித்துத் தந்தார்கள். அவள் கருத்தரங்கில் கலந்துகொண்டதற்கான சான்றிதழ்.

இப்படியே போயிற்று. கடைசியாக, வேலையிலிருந்து ஓய்வு பெற்று, முட்டி வலியோடு ஜூராகான் ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் மலையிறங்கி வந்தாள். டிஜிட்டல் எந்திரம் திறப்பு விழா. ஒரு தாளும் அடிக்கலாம், லட்சம் தாளும் அடிக்கலாம், ஈயம் வேண்டாம், பிளேட் வேண்டாம், பொத்தானை அமுக்கினால் போதும் என்று கேள்விப்பட்டிருந்தாள். வாசலில் வழக்கம்போல ஆட்டுக்கடா ஒன்று கட்டிக் கிடந்தது. பக்கத்தில் பெத்தித், அதாவது அந்த வம்சத்தில் கடைசிப் பெத்தித், சப்பணம் போட்டு உட்கார்ந்த பெரிய மனுஷன் மாதிரி காத்திருந்தது. ஏசென்குலுக்கும் தாடி நரைத்துவிட்டது. கத்தியைத் தீட்டிக்கொண்டே, "வாங்கக்கா, இன்னும் அந்தத் தாளா?" என்றான்.

"அந்தத் தாள்தான்."

"பிடிவாதக்காரி நீங்க."

ஷர்ஷெனாலி ஆயுட்கால கௌரவ இயக்குநர் என்ற பட்டையை மார்பில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உடம்பு வற்றிப்போயிருந்தது. வலது விலாவுக்குக் கீழே மட்டும் போட்டிருந்த கோட்டை முட்டிக்கொண்டு ஒரு வீக்கம்.

"ஸ்கேன் எடுத்தீங்களா, அண்ணே?"

"எடுத்தாச்சு, தங்கச்சி. ரிப்போர்ட்டு ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்ல இருக்காம். அவங்க பிரிண்டர்ல மை இல்லயாம். வந்ததும் தரேன்னாங்க."

"எவ்வளவு நாளாச்சு?"

"விழா முடியட்டும்," என்றார்.

எந்திரத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். சோதனைக்கு எதையாவது அடிக்க வேண்டும். எந்திரத்தோடு தலைநகரிலிருந்து வந்திருந்த நிபுணருக்கு உள்ளூர் விதிகள் தெரியாது. எதிரே நின்ற பெண்மணியின் கையில் ஒரு தாள் இருந்தது, வாங்கினார், வைத்தார், பொத்தானை அமுக்கினார். ஜூராகான் முட்டியைத் தடவிக்கொண்டு உட்காருவதற்குள் எந்திரத்திலிருந்து தாள்கள் விழுந்தன. பெரிய எழுத்து. பளபளவென்ற கனத்த தாள். மூன்று வாக்கியமும், ஒரு சொல் குறையாமல்.

அவள் கையை நீட்டினாள்.

"தொடாதீங்க!" என்றார் ஷர்ஷெனாலி. எழ முடியாமல் எழுந்தார். "தங்கச்சி, உங்களுக்கே தெரியும், முதல் அச்சு எந்திரத்தைப் பத்தித்தான் இருக்கணும். இது சோதனைத் தாள். சோதனைத் தாள் கணக்குல கழிவு. கழிவுத் தாள் வெளிய போகக்கூடாது. என் காலத்துல ஒரு கழிவுத் தாள்கூட வாசலைத் தாண்டினது கிடையாது. மனு போடுங்க. முறைப்படி அடிச்சுத் தருவோம்."

"அதுதான் அடிச்சாச்சே, அண்ணே. அப்படியே எடுத்துக்கிட்டுப் போறேன்."

"அடிச்சது வேற, அச்சாகறது வேற," என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் அவர் அத்தனை வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார் போலிருக்கிறது. பிறகு ஏசென்குலைக் கூப்பிட்டுத் தாள்களை எரிக்கச் சொன்னார்.

ஆட்டை வெட்டினார்கள். நாடாவை வெட்டினார்கள். ஷர்ஷெனாலி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அடுத்தது என்ன தெரியுமா? காகிதமே இல்லாத அச்சகம்! அதற்கும் ஆடு சொல்லியாயிற்று!" என்றார். உள்ளே எந்திரம் அந்த உரையை அடிக்க ஆரம்பித்தது.

ஜூராகான் கையைக் கழுவக் கொல்லைப்பக்கம் போனாள். ஏசென்குல் தாள்களை எரித்திருக்கவில்லை. இவ்வளவு நல்ல தாளை யார் எரிப்பார்கள்? உரித்து முடித்த ஆட்டின் நுரையீரலையும் கழித்துப்போட்ட ஈரலையும் அவற்றில் பொதிந்து அடுக்கியிருந்தான். ஒரு பொதியைப் பிரித்துப் பெத்தித்துக்கு அப்போதுதான் போட்டிருந்தான்.

"அக்கா, என்னா தாள் பாருங்க! ரத்தம் ஊறவே இல்ல. அந்தக் காலத்துத் தாளா இருந்தா இந்நேரம் கிழிஞ்சு..." என்று சொல்லிக்கொண்டே தாளை விரித்துப் பிடித்தவன் நிறுத்திவிட்டான். உதடு மெல்ல அசைந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தான். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து படித்தான்.

"அக்கா. இது அச்சுல வந்திருக்கே."

"ஆமா."

"அப்ப நிஜமா?"

"நிஜந்தான்."

"பெத்தித்! துப்பு! துப்புடா சனியனே!" ஏசென்குல் மண்டியிட்டு நாயின் வாயைப் பிளந்து கையை விட்டான். நாய்க்கு அது விளையாட்டாக இருந்தது. விழுங்கிவிட்டு வாலை ஆட்டியது. பிறகு அவன் முழங்கை வரைக்கும் நக்கியது.

"எம் பேத்தி இதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குது, அக்கா," என்றான். "தினமும் கூட்டிக்கிட்டு வரேன். அந்தப் பிள்ளை இது வாயிலேருந்து பிடுங்கித் தின்னுது. முந்தாநாள் வயித்த வலிக்குதுன்னா. நான் பச்சைப் பழம் தின்னிருப்பான்னு..." அவன் நாயைத் தள்ளிவிட்டான். "நீங்க எத்தனை வருஷமா சொன்னீங்க. ஏன்கா, நீங்க இன்னும் சத்தமா சொல்லியிருக்கக் கூடாதா?"

ஜூராகானுக்குக் கண்ணில் நீர் வந்தது. அசனாலிக்கு வராதது, நகரத்திலிருந்து திரும்பாத அந்தப் பிள்ளைக்கு வராதது, அச்சகத்துக் கொல்லையில், ஒரு காவல்காரனுக்கு முன்னால், வருகிற வழி தெரிந்த மாதிரி வந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. துடைக்கிற கை சுத்தமில்லை.

"நாளைக்குக் காலையில பேத்தியக் கூட்டிக்கிட்டு வா. நகரத்துக்குப் போவோம், நானும் வரேன். இப்ப போய்க் கையைக் கழுவு. சோப்புப் போட்டு."

ஏசென்குல் எழுந்து குழாயடிக்கு ஓடினான். மற்றப் பொதிகளை ஜூராகான் குழி தோண்டிப் புதைத்தாள். பிரித்த தாள் ஒன்று மட்டும் மிஞ்சியது. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், அச்சகத்து இரும்புக் கதவில் வைத்து அழுத்தினாள். பசை தேவைப்படவில்லை. அந்தக் குளிரில், ரத்தமே உறைந்து பிடித்துக்கொண்டது. விருந்து முடிந்து போனவர்களெல்லாம் அந்தக் கதவைத் தாண்டித்தான் போனார்கள். ஒன்றிரண்டு பேர் நின்று படித்தார்கள். ஒருவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள்.

மறுநாள் காலையில், அனுமதி எண் இல்லை என்று அதைக் கிழித்துவிட்டார்கள். கிழித்தவர் கையைக் கழுவினாரா என்று தெரியவில்லை.